கொப்புத் தொங்கிய பாதை

— அசையாத நிஸ்மி. மூச்ச மட்டும் மெல்ல விடு. காலப் பத்தி யோசிக்காத.

— காலப் பத்தி யோசிக்காம வேற எதப் பத்தி யோசிக்கச் செல்றீங்க? கம்பி என்ட கால்லதானே முட்டிக்கொண்டு ஈக்கி.

— கம்பி இல்ல, தங்கூசி. மீன் புடிக்கிற நூல்தான்.

— பெரிய ஆறுதல். தங்கூசியா ஈந்தா துவக்கு வெடிக்காதா?

— வெடிக்காதெண்டு நான் செல்லல்ல. விசயம் என்னெண்டா, நூல் இழுபட்டாத்தான் துவக்குட குதிரை விழுந்து வெடிக்கும். நீ அசையாட்டி நூல் இழுபடாது. அவ்வளவுதான். பயமில்ல, பயமில்ல.

— ரெண்டு தரம் செல்லாதீங்க. நீங்க ஒண்ட ரெண்டு தரம் சென்னா அது பொய்யெண்டு கலியாணம் முடிச்ச நாள்ல ஈந்து எனக்குத் தெரியும். நான் பின்னுக்கு ஒரு எட்டு வெச்சா என்ன?

— ஏலா. உன்ட அபாயாட கரைல பூ வேலை ஈக்கிதானே, அதுக்குள்ள நூல் சிக்கிட்டு. நீ பின்னுக்குப் போனா நூலும் உன்னோட வரும்.

— அப்ப அபாயாவ வெட்டுங்க.

— வெட்டப் பாத்தன்தானே. கத்தி பட்ட உடன நூல் டிங்கெண்டு அதிர்ந்தது உனக்கும் கேட்டுது. ரெண்டாந்தரம் தொடுறதுக்கு எனக்குத் தைரியம் இல்ல.

— யா அல்லாஹ். துவக்கக் கண்டீங்களா? எங்க ஈக்கி?

— இடப் பக்கம். அந்தப் பாலை மரத்தடில, பத்தைக்குள்ள.

— நான் பாக்கட்டா?

— தலையத் திருப்பாத! தலை திரும்பினா இடுப்புத் திரும்பும், இடுப்புத் திரும்பினா கால் திரும்பும். முன்னுக்குக் களப்பப் பாத்துக்கொண்டு நில்லு. தண்ணிய மட்டும் பாரு.

— தண்ணிய பாக்கத்தானே கூட்டிக்கொண்டு வந்தீங்க. பாத்தாச்சு. வயிறு நெறஞ்சிட்டு.

— நக்கலடிக்கிறாய் எண்டா இன்னும் தெம்பு ஈக்கி.

— நக்கல் இல்ல, பல்லு நடுங்குது. போன்ல பஸ்தியான் அண்ணன் என்ன சென்னார்? சென்னத அப்பிடியே செல்லுங்க.

— களப்புல நண்டு வலை இழுத்துக்கொண்டு ஈந்தாராம். கட்டுத்துவக்கு எண்டு சென்ன உடன, வலைய விட்டுட்டு வாறன் எண்டார். போட்ல கரைக்கு வந்து, அங்க ஈந்து நடந்து வரணும்.

— அவருக்கு இதெல்லாம் தெரியுமா?

— அவர்ட மச்சான் ஒராளுக்கு இதே மாதிரி கால்ல பட்டதாம். அதனால கொஞ்சம் தெரியுமாம்.

— மச்சான்ட கால்?

— அது கேக்க முன்ன சிக்னல் பெய்த்து.

— பொய். கேட்டிருப்பீங்க. திரும்ப எடுங்க.

— போனைப் பத்தைக்குள்ள வெச்சிட்டன், எட்டாது.

— எழும்பிப் போய் எடுங்களேன்! ஏன் இப்பிடி ஆணி அடிச்ச மாதிரிக் குந்திக்கொண்டு ஈக்கிறீங்க?

— நீ சாயணுமெண்டா சாயிறதுக்கு. கைய என்ட தலைல வெச்சிக்கொள். ஆ, அப்பிடி. பாரத்த என்ட மேல போடு.

— வேர்த்துத் தொப்பமா ஈக்கிறீங்க.

— வெக்கைதானே.

— இந்தக் காத்துலயா வெக்கை? இஞ்சாருங்க, ரோட்டுக்கு ஓடுங்க. நாம வந்த வான் நிக்கிற இடத்துக்குப் போனா ஆராவது வருவாங்க. வண்ணாத்திவில்லுப் பக்கம் போற ட்ரெக்டர் ஒண்டாவது வரும்.

— ஓட ஏலா.

— ஏன் ஏலா?

— இன்னொரு நூல் கட்டி ஈந்தா? துவக்குக் கட்டுற இவனுகள் ஒண்டோட நிப்பாட்ட மாட்டானுகள். எனக்குப் பயமா ஈக்கி, நிஸ்மி.

— வந்த வழியாலதானே போகப் போறீங்க. நடந்து வந்த பாதைல என்ன நூல்?

— பயமா ஈக்கி எண்டு செல்றன்தானே.

— ஓஹோ. காடு கரை எல்லாம் தனிய படுத்து எழும்பின வீரன். பேஸ்புக் பேஜ்ல எழுதுறது என்ன? ‘காசு குடுக்காதீங்க, பயப்படாதீங்க, நம்மட நாடு, நம்மட கரை.’ எத்தினை பேர் லைக் போட்டு ஈக்காங்க. இப்ப பொண்டாட்டிட காலடில குந்திக்கொண்டு ஓட ஏலாதாம்.

— எழுதினது பிழையா? கண்டக்குழில நம்மட ஆக்கள் கடலோரத்துல ஒரு ராத்திரி படுக்க ஏலுமா? எல்லா இடமும் லொட்ஜ். கடல் நம்மட, மண் நம்மட, படுக்கிறதுக்கு மட்டும் டொலர்ல கேக்கிறான். ஏழை சனம் புள்ளையளக் கூட்டிக்கொண்டு எங்க போறது? அதுக்குத்தான் ‘சும்மா தங்கலாம்’ எண்டு பேஜ் துடங்கினன். அரச காணி எண்டா எல்லாருக்கும்தானே.

— அரச காணி எல்லாருக்கும்தான். துவக்குக் கட்டினவனுக்கும்தான். அவனும் சும்மா தங்குறான்.

— அது சரி.

— கிராம சேவகர்ட்ட கேட்டீங்களா?

— கேட்டன். காணி அரசாங்கத்துட, எல்லைக் கல்லுக்கு அங்கால காடு, இங்கால பிரச்சினை இல்ல எண்டார். கல்லுக்கு இங்காலதான் ஈக்கிறம். சட்டப்படி எல்லாம் சரி.

— சட்டப்படி நிக்கிறன். மாஷா அல்லாஹ். இந்தப் பாதைய எப்பிடிப் புடிச்சீங்க?

— மெப்ல. மேல ஈந்து எடுத்த படத்துல வெள்ளைக் கோடு மாதிரி ரோட்ல ஈந்து நேரா தண்ணிக்குப் போகுது. நடந்து நடந்து மண் தெரியுது. மீன்காரர் போற ஒத்தையடிப் பாதை எண்டு நெனச்சன்.

— மீன்காரரா நடந்தது?

— இல்ல. இப்ப மண்ணப் பாத்தா விளங்குது. எல்லாம் குளம்பு. காட்டுப் பண்டி தண்ணிக்கு வாற பாதை. அதுக்குக் கட்டின துவக்குதான் இது.

— பண்டிட பாதைல என்ன நடத்திக்கொண்டு வந்தீங்க. உம்மாக்கு மட்டும் செல்லிடாதீங்க.

— செல்ல மாட்டன்.

— சிரிக்காதீங்க. நீங்க சிரிச்சா தலை ஆடுது, என்ட கையும் ஆடுது.

— சிரிக்கல்ல.

— அந்தக் கொப்பு ஞாபகம் ஈக்கா? ரோட்ல ஈந்து எறங்கின உடன, ரெண்டு மரத்துக்கு நடுவுல பச்சைக் கொப்பு ஒண்ட ஒடிச்சுத் தொங்க விட்டு ஈந்துதே?

— ஈக்கி.

— நான் கேட்டன், இது என்னெண்டு.

— நான் சென்னன், காட்டுக்குள்ள போற ஆக்கள் ஐயனாருக்குக் கொப்புக் கட்டிட்டுப் போவாங்க, ஆனை மறிக்காம ஈக்க. அவங்கட நேர்த்தி, தொடாம குனிஞ்சு வா எண்டன்.

— நானும் தொடாமக் குனிஞ்சு வந்தன். அடுத்த ஆக்கள்ட நம்பிக்கைக்கு மரியாதை குடுத்து.

— ஓம்.

— அது நேர்த்தி இல்லதானே?

— இல்ல போலதான். துவக்குக் கட்டினவன் ஊர் ஆக்களுக்கு வெச்ச அடையாளம். உள்ளுக்கு வராதீங்க எண்டு.

— உங்களுக்கு எப்பத் தெரியும்?

— நீ நூல்ல முட்டி ‘ஆ’ எண்டப்ப. அந்த நேரம்தான் ரெண்டும் ஒண்டாத் தலைக்குள்ள வந்துது. நான்தான் மடையன், நிஸ்மி. நான் முன்னுக்கு நடந்திருக்கணும்.

— நான்தானே களப்பக் கண்ட உடன ஓடினன். கூடாரம் எங்க அடிக்கிறது, வாசல் எந்தப் பக்கம் வெக்கிறது எண்டு… சின்னப் புள்ளை மாதிரி. கால் விறைக்குது.

— விரல மட்டும் உள்ளுக்குள்ள அசை. சப்பாத்து அசையாம.

— விரல் ஈக்கிறதே தெரியல்ல. என்னப் பாத்துக் கதைங்களேன். ஏன் மூஞ்சிய வலப் பக்கம் திருப்பிக்கொண்டே ஈக்கிறீங்க? அந்த ஈச்சம் பத்தைல என்ன ஈக்கி?

— ஒண்டும் இல்ல. வெயில் கண்ணக் குத்துது. அதான் அங்கால திரும்பி ஈக்கிறன்.

— எனக்கும்தான் குத்துது. நான் திரும்பினனா?

— நீ திரும்பாத.

— ஒண்டு கேக்கிறன், உண்மையச் செல்லுங்க. துவக்கு இடப் பக்கம் எண்டீங்க.

— ஓம்.

— நீங்க என்ட வலக் காலோட ஒட்டிக்கொண்டு குந்தி ஈக்கிறீங்க. நடுவுல நான்.

— ஓம்.

— வெடிச்சா எனக்குத்தான் படும். உங்களுக்குப் படாது. எனக்குப் பின்னால ஒளிச்சிக்கொண்டு ஈக்கிறீங்களா?

— ஓம். ஒளிச்சுத்தான் ஈக்கிறன்.

— வாய் கூசாமச் செல்றீங்க.

— உண்மையச் செல்லச் சென்னாய். சென்னன்.

— என்ட வாப்பா உங்களப் பாத்துட்டு வந்து என்ன சென்னார் தெரியுமா? ‘புள்ளை, பையன் நல்ல கதை கதைக்கிறான்’ எண்டார். அவ்வளவுதான் சென்னார். இப்பத்தான் விளங்குது எனக்கு, அந்த மனுசன் ஏன் அதுக்கு மேல ஒண்டும் செல்லல்ல எண்டு.

— கை மட்டும் எடுத்திடாத. தலைலயே வெச்சிக்கொள்.

— உங்கட தலையத் தொடவே கூசுது. விழுந்திடுவன் எண்டுதான் வெச்சிக்கொண்டு ஈக்கிறன்.

— அது போதும்.

— அப்ரா இப்ப என்ன செய்வாள்?

— மாமிட வீட்ல கோழிக்குஞ்சு தொரத்துவாள்.

— ரெண்டு பேருக்கும் ஏதும் ஆனா அந்தப் புள்ளை… நீங்களாவது தூரப் போங்க. ஒளிக்கிறதெண்டா ஒழுங்கா ஒளிங்க. அங்க பெரிய புத்து ஒண்டு ஈக்கி, அதுக்குப் பின்னால போங்க. அவளுக்கு ஒராளாவது வேணும்.

— இங்கதான் எனக்கு நல்லம்.

— இந்தப் பயத்துக்கு நடந்து போகவும் ஏலாதோ.

— ஏலா. ஸ்ஸ்… நிஸ்மி. கதைக்காத.

— என்ன?

— முன்னுக்கு. தண்ணிக் கரைல பத்தை அசையுது.

— பஸ்தியான் அண்ணனா?

— உயரம் காணாது. மெல்லக் கதை. உனக்குத்தான் நல்லாத் தெரியும், பாத்துச் செல்லு. நான் இந்தப் பக்கம் பாத்துக்கொண்டு ஈக்கிறன்.

— கறுப்பா… அல்லாஹ்வே, பண்டி. பெரிசு. குட்டியளும் வருது. இங்கதான் வருது, பாதையாலதான் வருது. கத்தட்டா?

— கத்தாத! கத்தினா வெருண்டு நூல் மேலயே பாயும். 

— கத்தாட்டியும் நூல் மேலதானே வருது!

— மணம் புடிச்சா நிக்கும். மனுச மணம் அதுக்குப் பிடிக்காது. ஓது. மனசுக்குள்ள ஓது.

— ஆயத்துல் குர்ஸி நடுவுல மறந்திட்டு.

— முதல்ல ஈந்து துடங்கு.

— நிண்டுட்டு. பெரிசு நிண்டுட்டு. மூக்கத் தூக்குது. குட்டி ஒண்டு முன்னுக்கு வருது… இஞ்சாருங்க, என்ன செய்றீங்க? ஏன் கைய விரிச்சிக்கொண்டு ஈக்கிறீங்க? துஆ கேக்கிறீங்களா?

— ஓம். துஆதான்.

— எனக்கும் சேத்துக் கேளுங்க.

— உனக்குத்தான் கேக்கிறன். குட்டி எங்க?

— நூலுக்குக் கிட்ட… இன்னும் கிட்ட… மணக்குது. உறுமுது தாய். போ. போ, அல்லாட காவலா ஈப்பாய், போ. திரும்பிட்டு! ஓடுது, எல்லாம் ஓடுது. தண்ணிப் பக்கம் ஓடுது.

— அல்ஹம்துலில்லாஹ்.

— நீங்க அழுறீங்களா?

— இல்ல. வேர்வை.

— தோள் குலுங்குது.

— நூல் ஆடுதா? நூல மட்டும் பாரு.

— ஆடல்ல. ஆனா எனக்கு ஏலா. உண்மையா ஏலா இனி. முழங்கால் தானா மடங்குது. ஒரு நிமிசம் கூட நிக்க ஏலா. கேக்குதா?

— கேக்குது. இன்னும் கொஞ்சம். மோட்டர்ச் சத்தம் கேட்டுது இப்ப, பஸ்தியான் அண்ணன்ட போட்டாத்தான் ஈக்கும்.

— ஒவ்வொரு தரமும் இன்னும் கொஞ்சம் எண்டுதான் செல்றீங்க. நான் யோசிச்சிட்டன். காலை எடுக்கப் போறன்.

— என்ன?

— வெடிச்சா வெடிக்கட்டும். பண்டிட உயரத்துக்குத்தானே கட்டி ஈப்பான், கால்லதான் படும். உசிர் போகாது. கால் போனாப் போகட்டும். இப்பிடி விறைச்சிச் சாகிறத விட அது மேல். மஃரிபும் ஆகப் போகுது, இருட்டினா ஆனை வரும்.

— வேணாம் நிஸ்மி. உன்னக் கெஞ்சிக் கேக்கிறன்.

— உங்களுக்கு என்ன நட்டம்? நீங்கதான் நல்லா ஒளிச்சிட்டீங்களே. உங்கள்ல ஒரு கீறலும் படாது. என்னத் தூக்கிக்கொண்டு வானுக்கு ஓடுறதுக்காவது பயமில்லாம ஓடுவீங்களா?

— ஓடுவன். ஆனா இப்ப வேணாம். எனக்காக வேணாம்.

— உங்களுக்காகவா! நான் பிஸ்மி செல்லி எடுக்கப் போறன். கண்ண மூடிக்கொள்ளுங்க.

— நிஸ்மி! நில்லு! அப்ராட மேல சத்தியமா, நில்லு!

— ஹோ! றுமைஸ் தம்பி! எந்தப் பக்கம் நிக்கிறீங்க?

— வந்திட்டார்! அண்ணே! பஸ்தியான் அண்ணே! அங்கேயே நில்லுங்க, பாதையால வராதீங்க! காலை ஊண்டு நிஸ்மி, ஊண்டிட்டியா? ஆள் வந்திட்டு, நீயே காணுறாய்தானே.

— காணுறன். ஊண்டிட்டன். கெதியா வரச் செல்லுங்க.

— மாதாவே. தங்கச்சியா நூல்ல நிக்கிறது?

— நான்தான் அண்ணே. கால் மரத்துப் போச்சு. கெதியா ஏதாவது செய்யுங்க.

— சரி சரி, மெதுவா. அழாதீங்க தங்கச்சி, அழுதா உடம்பு குலுங்கும். எனக்கும் இதுல பெரிய அனுபவம் ஒண்டும் கிடையாது கேட்டியளா, மச்சானுக்குப் பட்டாப் பிறகு ஒருக்காக் கழட்டிப் பாத்தது மட்டும்தான். எந்தப் பக்கத்தால வரட்டும் தம்பி?

— பாலை மரத்துப் பக்கத்தால சுத்தி வாங்க அண்ணே. மத்தப் பக்கம் வேணாம். ஈச்சம் பத்தைக்கு முன்னால மட்டும் வந்திடாதீங்க.

— என்ன செல்றீங்க நீங்க? பாலை மரத்தடிலதானே துவக்கு ஈக்கிதெண்டீங்க?

— நிஸ்மி, பேசாம நில்லு.

— அந்த மனுசன ஏன் துவக்குக்குக் கிட்ட அனுப்புறீங்க? உங்களுக்குப் பயமெண்டா அவருக்கு உசிர் இல்லையா? பஸ்தியான் அண்ணே, அந்த மரத்துக்குக் கிட்டப் போகாதீங்க!

— மரத்தடிலதான் நிக்கிறன் தங்கச்சி. இங்க துவக்கு ஒண்டும் இல்ல. நூலக் கட்டின முடிச்சு மட்டும்தான் கிடக்கு.

— அப்ப துவக்கு?

— பொறுங்க, நூல் போற வழியப் பாப்பம். உங்கட காலைத் தாண்டி… அங்கால… ஐயோ தேவனே.

— என்ன? ஏன் சிலுவை போடுறீங்க? அண்ணே, என்னத்தக் கண்டீங்க?

— தம்பி. நீங்க அதக் கண்டுட்டுத்தானா அந்த இடத்துல இருக்கிறீங்க?

— ஓம் அண்ணே.

— எப்ப இருந்து?

— அவள் நூல்ல முட்டின உடன கண்டன். வேலையப் பாருங்க அண்ணே. அவளுக்குக் கேக்கும்.

— எனக்குக் கேக்குது. என்ட தலை திருப்ப ஏலா, காது கேக்குது. ஆராவது எனக்குச் செல்லுங்க. அண்ணே, நீங்க செல்லுங்க. இவர் செல்ல மாட்டார்.

— தங்கச்சி, மெதுவாக் கேளுங்க. துவக்கு உங்கட வலப் பக்கம் இருக்கு. ஈச்சம் பத்தைக்குள்ள. குழல் உங்கட முழங்காலுக்கு நேர. அதுக்கும் உங்கட காலுக்கும் நடுவுல உங்கட மனுசன் இருக்கிறார். குழல் வாய் அவர்ட நெஞ்சுக்கு ஒரு முழம் கூட இல்ல. நான் பின்னால போய், குதிரை விழாம இடையில சீலையத் திணிக்கணும். கொஞ்சம் நேரம் எடுக்கும். அதுவரைக்கும் காலை அசைக்காம நிக்க ஏலுமா தங்கச்சி?

— விடியும்வரைக்கும் நிப்பன் அண்ணே.